குதிரைத் தோல் கதை சொன்ன ஆன்ட்டி

தலையில் டை பூசி முடிக்கிற வரைக்கும் ஆன்ட்டி வாயைத் திறக்க மாட்டார். பூசி முடித்து, பிளாஸ்டிக் தொப்பியை மாட்டி, கழுத்தைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டிய பிறகுதான் ஆரம்பிப்பார். அதற்கு மேல் யாராலும் எழுந்து போக முடியாது. டை வழியும் தலையோடு தெருவில் நடக்க எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்? அவருக்கு அது நன்றாகத் தெரியும். கொல்கத்தாவில் இருந்த வருஷங்களில் நான் கேட்ட கதைகள் எல்லாமே இப்படிக் கட்டிப்போட்டுச் சொல்லப்பட்டவைதான்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. டாங்ரா என்கிற அந்தச் சீனர் பேட்டையில், அவருடைய சந்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. சுற்றியிருந்த சீனக் குடும்பங்களுக்கு, வங்காளிகளுக்கு, பீகாரிகளுக்கு, எங்களைப்போல வந்து போகிறவர்களுக்கு என்று எல்லாருக்கும் அவர் ஆன்ட்டி. அறுபதைத் தாண்டிய சீனப் பெண்மணி, கல்யாணம் ஆகாதவர். குள்ளம், நல்ல கட்டான உடம்பு, எப்போதும் கைமடித்த சட்டை. தன் தலைமுடியை மட்டும் நரைத்தபடியே விட்டிருந்தார். ஊருக்கெல்லாம் கறுப்படிக்கிறீர்களே, உங்களுக்கு ஏன் அடித்துக்கொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன். தனக்குக் கதை சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்றார்.

என் கணவரை அவருடைய கப்பல் கம்பெனி தூத்துக்குடியிலிருந்து கொல்கத்தாவின் கிடர்பூர்த் துறைமுகத்துக்கு மாற்றியிருந்தது. வேலை கிடர்பூரில், வாடகை கட்டுப்படியான வீடு டாங்ரா பக்கத்தில், நடுவில் பாதி நகரம். மனிதர் விடிந்ததும் போனால் விளக்கு வைத்த பிறகு வருவார். நான் பல வருஷம் பார்த்த பள்ளிக்கூட வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, பாஷை தெரியாத ஊரில் ஏழாவது மாடியில் உட்கார்ந்திருந்தேன். பால்கனியில் துணி காயப்போடுகிற சாக்கில் நின்று அழுதிருக்கிறேன், இப்போது சொல்ல வெட்கமில்லை. அந்த நாட்களில் வெளியே போவதற்கு எனக்கு இருந்த ஒரே காரணம் ஆன்ட்டியின் பார்லர்தான். முடி வளர்ந்ததோ இல்லையோ போய்விடுவேன்.

அவர் என்னை 'பௌதி' என்பார். வங்காளத்தில் அண்ணி. அவருடைய வங்காளம் பிறந்த ஊர்ப் பாஷை, தண்ணீர் பட்ட பாடு. என்னுடைய இந்தியோ முழுதாக ஒரு வாக்கியம் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாஷையில் நாங்கள் சமாளித்தோம். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

அவர் சொன்னது எல்லாம் உலகம் எப்படி வந்தது, ஆறு ஏன் இப்படி ஓடுகிறது, பட்டுப்பூச்சி எங்கிருந்து வந்தது என்கிற சீனக் கதைகள். அதிலும் தினுசு தினுசாகப் பிரித்து வைத்திருந்தார். கொல்கத்தாவுக்குச் சீனாவின் ஒரு பக்கத்திலிருந்து வந்தவர்கள் தச்சு வேலைக்காரர்கள், இன்னொரு பக்கத்திலிருந்து வந்தவர்கள் பல் வைத்தியர்கள். ஆன்ட்டியின் ஆட்கள் ஹக்கா என்கிற பிரிவினர், தோல் பதனிடுகிறவர்கள். அதனால் கதைகளும் அவருக்குத் தச்சர் கதை, பல்காரர் கதை, தோல்காரர் கதை. நம் ஊர்க் கல்யாணங்களில் இது எங்கள் வழக்கம், அது உங்கள் வழக்கம் என்று மல்லுக்கு நிற்பார்களே, அந்த வீம்போடு சொல்வார்.

தச்சர் கதையில் ஆதியில் இருந்தது ஒரு முட்டை. உள்ளே ஒருவன் தூங்குகிறான், தூங்கிக்கொண்டே வளர்கிறான், கடைசியில் புரண்டு படுக்க இடமில்லை. ஒரு கோடாலியை எடுத்து முட்டையைப் பிளக்கிறான். லேசானது மேலே போய் வானம் ஆகிறது, கனமானது கீழே படிந்து பூமி ஆகிறது. இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவன் நடுவிலே நின்று கையால் தாங்குகிறான். செத்து விழுகிற வரைக்கும் உட்காரவே இல்லை. விழுந்த பிறகு மூச்சு காற்றாகவும் கண்கள் சூரிய சந்திரனாகவும் மயிர் காடாகவும் ஆயின. அவன் உடம்பில் ஊர்ந்த பேன்கள்தான் மனிதர்கள். இந்த இடம் வரும்போது ஆன்ட்டி வேண்டுமென்றே நம் தலையில் சீப்பை ஆழமாக விட்டு இழுப்பார்.

"முட்டைக்குள்ள இருந்து வெளிய வந்து அவனுக்கு என்ன கிடைச்சுது? இன்னொரு இடுக்கு," என்று முடிப்பார். முடித்துவிட்டு, கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்தபடி, தப்பு யாருடையது என்று கேட்பார்.

எந்தக் கதையானாலும் கடைசியில் இந்தக் கேள்வி வந்துவிடும். அதுதான் அவர். இரண்டு தேவர்கள் சண்டை போட்டு, தோற்றவன் ஆத்திரத்தில் வானத்தைத் தாங்கிய மலையை முட்டிச் சாய்த்தான், அதனால் வானம் ஒரு பக்கமும் பூமி தென்கிழக்காகவும் சரிந்துபோயின, ஆறுகளெல்லாம் அந்தப் பக்கமே ஓடுகின்றன என்று ஒரு கதை. கங்கையும் அப்படித்தானே ஓடி வருகிறது, பார்த்துக்கொள், சரிவு இந்த ஊர் வரைக்கும் இருக்கிறது என்பார். சரி, தப்பு முட்டினவனுடையதா, தோற்கடித்தவனுடையதா? அவ்வளவு சுலபமாகச் சாய்ந்த மலையுடையதா? நாம் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். கத்தரி காதுக்குப் பக்கத்தில் இருக்கும்போது யார் எதிர்வாதம் செய்வது?

வீட்டுக்கு வந்து அந்த வழக்கை நான் சாப்பாட்டு மேஜையில் தொடர்வேன். அலிப்பூர் கோர்ட்டில்கூட இவ்வளவு விசாரணை நடக்காது, நீ முடி வெட்டத்தான் போகிறாயா என்று என் கணவர் கேட்பார். ஆனால் அவரும் ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவார்.

ஆன்ட்டி திரும்பத் திரும்பச் சொன்னது குதிரைத் தோல் கதையைத்தான். அது தோல்காரர் கதைகூட இல்லை. மேற்கே ஏதோ மலைநாட்டுப் பக்கத்துக் கதை, பல்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி இவருடைய அம்மாவுக்குச் சொன்னது. ஒரு பெண், அவளுடைய அப்பா, ஒரு குதிரை. தூர தேசம் போன அப்பா திரும்பி வரவில்லை. ஏக்கம் தாங்காத பெண் ஒருநாள் குதிரையிடம், நீ போய் என் அப்பாவைக் கூட்டி வந்தால் உன்னையே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறாள். குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போய் அப்பாவை முதுகில் ஏற்றி வந்துவிடுகிறது. வந்தபின் தீனி எடுக்கவில்லை, அவளைப் பார்க்கும்போதெல்லாம் கனைக்கிறது. விஷயம் தெரிந்ததும் அப்பா அதைக் கொன்று, தோலை உரித்து முற்றத்தில் காயப்போடுகிறார். பெண் அந்தப் பக்கம் வரும்போது தோல் எழுந்து அவளைச் சுற்றிக்கொண்டு பறந்துவிடுகிறது. பிறகு ஒரு மரத்தில் கண்டுபிடிக்கிறார்கள். தோலுக்குள்ளே அவள் புழுவாகி நூல் விட்டுக்கொண்டிருந்தாள். உலகத்தின் முதல் பட்டுப்புழு அவள்தான்.

இதைக் கேட்ட பிறகு கொஞ்ச நாள் நான் பட்டுப்புடவையைத் தொடவே இல்லை. ஆன்ட்டிக்கு அந்தக் கதையில் வேறு ஒரு சந்தேகம். பச்சைத் தோலை அப்படியே காயப்போட்டால் பலகைபோல விறைத்துக்கொள்ளும், அது எப்படி ஓர் ஆளைச் சுற்றும் என்பார். சுற்ற வேண்டுமானால் பதனிட்டிருக்க வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, சதையைச் சுரண்டி, மரப்பட்டைத் தண்ணீரில் போட்டு, எண்ணெய் தடவி, நாள் கணக்கில் கையால் தேய்த்திருக்க வேண்டும். கோபத்தில் கொன்ற மனுஷன் இத்தனையும் பொறுமையாகச் செய்திருக்கிறான் பார், என்பார். டாங்ராவில் வளர்ந்தவருக்கல்லாமல் வேறு யாருக்கும் இந்தக் கவலை வந்திருக்காது. அவருடைய அப்பாவுக்கே அங்கே ஒரு தோல் பட்டறை இருந்தது. பட்டறைகளை ஊருக்கு வெளியே போகச் சொன்னபோது அதை மூடிவிட்டார்கள்.

அந்த அப்பா மேல்மாடியில் இருந்தார். தொண்ணூறு வயது இருக்கும். எங்களுக்கு அவர் ஒரு சத்தம் மட்டும்தான். நாங்கள் கீழே நாற்காலியில் இருக்கும்போது மேலே கைத்தடியால் தரையைத் தட்டுவார். ஆன்ட்டி சொல்லிக்கொண்டிருக்கிற வாக்கியத்தை முடித்து, கையில் இருக்கிற வேலையையும் முடித்து, அதன் பிறகு மெதுவாகப் படியேறுவார். சாப்பாடு, மருந்து, குளியல் எதிலும் ஒரு குறை வைத்ததில்லை. கிழவர் தட்டித் தட்டி இவரை அங்கேயே கட்டிப்போட்டிருக்கிறார் என்று வாடிக்கைக்காரப் பெண்கள் எல்லாரும் பேசிக்கொள்வோம். உடன் பிறந்தவர்கள் எல்லாரும் டொரண்டோவுக்குப் போய்விட்டார்கள், இவர் மட்டும் மாட்டிக்கொண்டார் என்று எனக்கு அந்தக் கிழவர் மேல் எரிச்சலே இருந்தது.

ஒருநாள் ஆன்ட்டியின் கை முழுக்க யாருக்கோ பூசுகிற டை. நான் தலையை அலசிவிட்டு ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தேன். மேலே தட்டல் நிற்கவில்லை. நீ போய் என்னவென்று கேள் என்று என்னை அனுப்பினார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறினேன். ஜன்னலோரம் ஒரு சுத்தமான கட்டில், சுத்தமான மனிதர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தார். உட்காரச் சொல்லி, நல்ல வங்காளத்தில், எனக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மா, அவளைப் போகச் சொல்லு. நான் சொன்னா கேட்க மாட்டேங்கிறா."

டொரண்டோவில் இருக்கும் தங்கை மனுப் போட்டு, அங்கே குடியேறுவதற்கான பேப்பர் ஆன்ட்டிக்கு வந்துவிட்டது, துர்கா பூஜை முடிந்த வாரத்தோடு அதற்குக் கெடு முடிகிறது, அதற்குள் அவள் அங்கே போய் இறங்காவிட்டால் இனிமேல் வழியே இல்லை என்றார். தனக்குத் தங்கள் ஆட்கள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் இடம் பேசியாகிவிட்டதாம். போய்விடு என்று சொல்லத்தான் வருஷக்கணக்காகத் தட்டுகிறாராம். ஆன்ட்டி ஏறி வருவார், கஞ்சியைக் கொடுப்பார், பதில் சொல்லாமல் இறங்கிவிடுவார். அந்த வயதில் அழக்கூட அவருக்குத் தெம்பில்லை. எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

கீழே வந்து, மற்றவர்கள் போன பிறகு, ஆன்ட்டியிடம் நேரடியாகக் கேட்டேன். போவதற்கு வழி இருந்தும் ஏன் போகவில்லை? அவர் தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டே, என்னைக் கட்டிப்போடாமல் சொன்ன ஒரே கதையைச் சொன்னார்.

ஆன்ட்டிக்கு இருபது வயதாக இருந்தபோது, சீனாவோடு நடந்த யுத்தத்தைக் காரணம் காட்டி, சீனர்கள் இந்த ஊரை விட்டு வெளியே போக போலீஸ் அனுமதி வாங்க வேண்டும். அப்பா அவசரமாகச் சரக்கு வாங்க அனுமதி இல்லாமல் மலைப்பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய் அங்கே பிடிபட்டுவிட்டார். வாரங்கள் போயின, சேதி இல்லை. பட்டறைக்குத் தோல் ஏற்றி வருகிற லாரிக்காரர் ஒருவர், வங்காளிப் பையன், இவரைப் பார்த்தால் சிரிப்பவர். இவருக்கும் அவரைப் பிடிக்கும். நீ என் அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்தால் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். பையன் லாரியை எடுத்துக்கொண்டு போய், யார் யார் காலையோ பிடித்து, அப்பாவைப் பக்கத்து ஸீட்டில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். அப்பா அவருக்கு விருந்து போட்டு நன்றி சொன்னார். விஷயம் தெரிந்த மறுநாள், இனி இந்தச் சந்துக்குள் வராதே என்றார். கத்தவில்லை, அடிக்கவில்லை. ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கி, அந்த லாரிக்கு யாரும் சரக்குக் கொடுக்கக் கூடாது என்று நிதானமாகப் பேசி முடித்தார். கொஞ்ச நாளில் பையன் லாரியை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார். உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட ஆன்ட்டிக்குத் தெரியாது.

அந்தக் குதிரைத் தோல் எப்படிப் பதமானது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அவர் என்னைப் போகச் சொல்றாரே தவிர, செஞ்சது தப்புன்னு இதுவரைக்கும் சொல்லலை. நான் போயிட்டா கணக்கு தீர்ந்துதுன்னு நிம்மதியாச் செத்துப்போவார். அதுக்கு நான் விட மாட்டேன், பௌதி," என்றார் ஆன்ட்டி.

தோல் தானாக வந்து அந்தப் பெண்ணைச் சுற்றிக்கொண்டது என்பதெல்லாம் பிற்பாடு ஜனங்கள் சேர்த்த பேச்சு, அவளே போய் எடுத்துப் போர்த்திக்கொண்டிருப்பாள், அப்பா தினமும் அதைப் பார்க்க வேண்டும் என்று போர்த்திக்கொண்டிருப்பாள் என்றார். சொல்லிவிட்டு முடியை முறத்தில் அள்ளிக் குப்பையில் கொட்டினார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. வாய்க்கு ருசியாகச் சமைத்துப்போட்டு, நகம் வெட்டிவிட்டு, படுக்கையை உதறிப் போட்டு, இத்தனை வருஷமாக ஒரு மனிதரைத் தண்டித்துக்கொண்டிருக்க ஒருத்தரால் முடியுமா? முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். யார் யாரைக் கட்டிப்போட்டார்கள் என்று அதன்பின் என்னால் சொல்லவே முடியவில்லை.

பூஜைக்கு முன்னால் டொரண்டோவிலிருந்து தங்கை வந்தார். தனக்கும் அக்காவுக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டே வந்திருந்தார். பூஜைக் கூட்டம் பார்லரில் நெரிந்தது. ஆன்ட்டி நின்றபடி வேலை செய்தார், தங்கை பின்னாலேயே நின்று கெஞ்சினார். நானும் என் பங்குக்குச் சொல்லிப் பார்த்தேன். மேலே தட்டல் ஓயவில்லை. தேவி சிலைகளை ஆற்றில் கரைத்தார்கள், பந்தல்களைப் பிரித்தார்கள், பிளேன் ஏறவேண்டிய நாளும் வந்துவிட்டது.

அன்று காலையில் நான் வழியனுப்பலாம் என்ற நம்பிக்கையில் போனேன். சந்து முனையில் டாக்ஸி நின்றது. உள்ளே ஆன்ட்டி வழக்கம்போலக் கடையைத் திறந்து, சீப்புகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வகிடு வெளுத்துக் கிடக்கிறது என்று சொல்லி நாற்காலியில் அமர்த்தினார். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் பாதித் தலை பூசியாகிவிட்டது. தங்கை வாசலில் தன் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

மேலே சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் படியில் ஏதோ உரசுகிற ஒலி கேட்டது. பெரியவர் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். வருஷக்கணக்காகக் கீழே வராதவர். தங்கை ஓடிப்போய்த் தாங்கப் பார்த்தார், அவர் விடவில்லை. கைப்பிடியைப் பிடித்து எழுந்து, மூச்சு வாங்கி, ஆன்ட்டிக்கு நேரே நின்றார். தங்கள் பாஷையில் சிறியதாக என்னவோ சொன்னார்.

ஆன்ட்டியின் கையிலிருந்த பிரஷ் என் தலைமேல் அப்படியே நின்றது. தங்கைதான் என் பக்கம் குனிந்து, தேம்பிக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பையன் நல்ல பையன். நான் அவனுக்கும் உனக்கும் செஞ்சது தப்பு. அப்படின்னு சொல்றார்."

ஆன்ட்டி அழவில்லை. பிரஷைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, பெரியவரிடம் போனார். இது போதும், இனி அவரைப் பிடித்து வைக்க எதுவுமில்லை என்று தங்கையும் நானும் நினைத்தோம். தங்கை உள்ளே ஓடி, தான் முன்னாலேயே கட்டி வைத்திருந்த ஆன்ட்டியின் பையை எடுத்து வந்தார். டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார்.

பெரியவரின் கால்கள் வெறுங்காலாக இருந்தன. படியில் உரசிக் கணுக்காலில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. ஆன்ட்டி அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அந்தக் காலை மடிமேல் வைத்துத் துடைத்தார். முன்பெல்லாம் எப்படித் துடைத்திருப்பாரோ எனக்குத் தெரியாது. அன்றைக்குத் துடைத்தது குழந்தையின் காலைத் துடைப்பதுபோல இருந்தது. போகலாம் வா என்று தங்கை தோளைத் தொட்டார். ஆன்ட்டி திரும்பாமல், எனக்கும் புரிகிற பாஷையில் சொன்னார்.

"கோபம் இருந்த வரைக்கும் எந்த நாள் வேணும்னாலும் கிளம்பியிருக்கலாம். இப்ப இவரை எப்படி விட்டுட்டுப் போறது?"

டாக்ஸி தங்கையை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.